டர்போவிலிருந்து ஆயில் இறங்க வேண்டுமானால், எஞ்சின் மூச்சுவிட வேண்டும்

குறுகிய வாயுள்ள பாட்டிலில் புனலை வைத்து எண்ணெய் ஊற்றியவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். புனல் பாட்டிலின் வாயை இறுக்கமாக அடைத்துக்கொண்டால், எண்ணெய் இறங்காமல் புனலிலேயே நிற்கும். புனலை நூலளவு தூக்கிப் பிடித்தால் போதும். அடைபட்ட காற்று ‘புஸ்’ என்று வெளியேறும். எண்ணெய் மளமளவென்று இறங்கிவிடும். எண்ணெயிலும் குறை இல்லை, புனலிலும் குறை இல்லை. காற்றுக்கு வழி இல்லாததுதான் சிக்கல்.

எக்ஸாஸ்ட் வாயுவின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவிதான் டர்போ. டர்போ இல்லாமல் உருவான எஞ்சினுக்குப் பின்னாளில் அதைப் பொருத்துகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். எவ்வளவு பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்), எத்தனை பெரிய இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பெட்டி), எரிபொருளை எவ்வளவு கூட்டுவது என்றெல்லாம் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். டர்போவுக்குப் போன ஆயில் எப்படித் திரும்பும், கிராங்க்கேஸில், அதாவது பிஸ்டன்களுக்குக் கீழே கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அறையில், சேரும் வாயு எந்த வழியாக வெளியே போகும் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கடைசி நாளில், கைக்குக் கிடைத்த ஹோஸை மாட்டி முடித்துவிடுவார்கள். சில நாட்களில் சைலன்ஸரில் நீலப் புகை வரும். ‘டர்போ சீல் போய்விட்டது’ என்று புது டர்போ வாங்குவார்கள். அதுவும் புகையும். அந்த வீண் செலவு யாருக்கும் நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கிராங்க்கேஸுக்குள் வாயு எங்கிருந்து வருகிறது?

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாய்க்கு மேலே உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். பெரும்பாலும் வெதுவெதுப்பான காற்று விட்டுவிட்டுக் கையில் மோதும். எரிந்த வாசனையும் லேசான ஆயில் ஈரமும் அதில் இருக்கும். எஞ்சின் பழுது என்று பயப்பட வேண்டாம். எல்லா எஞ்சினிலும் கொஞ்சம் வாயு இப்படிச் சேரத்தான் செய்யும்.

பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் முழு வட்டங்கள் அல்ல. ஓரிடத்தில் வெட்டுப்பட்ட வளையங்கள். சூட்டில் விரிவதற்கு இடம் வேண்டும் என்பதால் அந்த வெட்டு விடப்பட்டிருக்கிறது. எரிபொருள் எரிந்து அழுத்தம் எகிறும் ஒவ்வொரு முறையும், அந்த வெட்டு வழியாகவும் ரிங்கின் ஓரங்கள் வழியாகவும் கொஞ்சம் வாயு கீழே நழுவிவிடுகிறது. இதைத்தான் புளோ-பை என்கிறோம். எரிந்த வாயு, எரியாத எரிபொருளின் ஆவி, நீராவி, கரித்துகள் எல்லாம் அதில் கலந்திருக்கும். உள்ளேயே தங்கினால் ஆயில் கெட்டுக் கசடாகும், அமிலம் சேரும். அதோடு அழுத்தமும் ஏறும். அழுத்தம் ஏறினால் பலவீனமான இடம் முதலில் விட்டுக்கொடுக்கும்: டிப்ஸ்டிக் மேலே துள்ளி நிற்கும், வால்வு கவர் கேஸ்கெட் கசியும், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் ஆயிலைத் துப்பும்.

பழைய கார்களில் கிராங்க்கேஸிலிருந்து ஒரு குழாயைக் கீழ்நோக்கி விட்டிருந்தார்கள். வண்டி ஓடும்போது அடியில் வீசும் காற்று அந்த வாயுவை இழுத்துக்கொண்டு போகும். சாலையில் ஆயில் சொட்டும், ஊரெல்லாம் புகை. கலிஃபோர்னியாவின் புகைமூட்டப் பிரச்சினை 1960களின் தொடக்கத்தில் இதற்கு முடிவு கட்டியது, கிராங்க்கேஸ் வாயுவை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் பி.சி.வி. வால்வு வந்தது. டர்போ பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் கார்களான ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரும் ஷெவ்ரோலே கோர்வேர் மோன்ஸா ஸ்பைடரும் 1962இல் வந்தவை. பி.சி.வி. வால்வும் டர்போ காரும் ஏறக்குறைய ஒரே காலத்துப் பிள்ளைகள்.

பி.சி.வி. முறையில் இரண்டு ஹோஸ்கள் உண்டு. முதல் ஹோஸ் பி.சி.வி. வால்வு வழியாக, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகிறது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் மேனிஃபோல்டில் பலமான உறிஞ்சல் இருக்கும். அது கிராங்க்கேஸ் வாயுவை இழுத்து, திரும்பவும் சிலிண்டரில் எரித்துவிடும். இரண்டாவது ஹோஸ், அதாவது பிரீதர், வால்வு கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள குழாயில் சேர்கிறது. சாதாரண ஓட்டத்தில் இதன் வழியாகச் சுத்தமான காற்று உள்ளே வந்து கிராங்க்கேஸைக் கழுவிவிடும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது மேனிஃபோல்டில் உறிஞ்சல் அற்றுப்போகும். அப்போது மிஞ்சும் புளோ-பை இதே பிரீதர் வழியாக எதிர்த் திசையில் வெளியேறும். இரண்டாவது ஹோஸ் இருவழிப் பாதை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டர்போ வந்ததும் பாரமெல்லாம் அதன் தலையில்தான் விழப்போகிறது.

டர்போ வந்ததும் என்ன மாறுகிறது?

உறிஞ்சிக்கொண்டிருந்த மேனிஃபோல்டு, பூஸ்ட் ஏறியதும் ஊதத் தொடங்குகிறது. 0.7 பார் பூஸ்ட் என்றால் வெளிக்காற்றைவிட 700 மில்லிபார் கூடுதல் அழுத்தம். முதல் ஹோஸ் இன்னும் மேனிஃபோல்டோடுதான் இணைந்திருக்கிறது. நடுவில் உள்ள பி.சி.வி. வால்வு மூடிக்கொள்ளாவிட்டால், டர்போ தள்ளும் காற்று நேராகக் கிராங்க்கேஸுக்குள் பாயும். டர்போ இல்லாத எஞ்சினின் வால்வும் எதிர் அழுத்தம் வந்தால் மூடத்தான் செய்யும். ஆனால் பேக்ஃபயர் ஆகி, தீ இன்டேக் பக்கம் திரும்பிப் பாயும் அந்த ஒரு கணத்துக்காகச் செய்யப்பட்டது அது. நிமிடக்கணக்கில் பூஸ்டைத் தாங்கி, காற்றே கசியாமல் நிற்பது அதன் வேலை அல்ல. ஆகவே அந்த ஹோஸில் பூஸ்டைத் தாங்கும் ஒருவழி வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும். பொருத்தும் முன், புதிதாக இருக்கும்போதே, மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து வாயால் ஊதிப் பாருங்கள். இழையளவு காற்று போனாலும் அது உதவாது.

ஒருவழி வால்வு ஒழுங்காக மூடிக்கொண்டால் முதல் பாதை பூஸ்டில் அடைபடுகிறது. புளோ-பை எல்லாம் இரண்டாவது ஹோஸில்தான் போயாக வேண்டும். அந்தப் புளோ-பையும் இப்போது அதிகம். 0.7 பார் பூஸ்டில் சிலிண்டருக்குள் ஏறக்குறைய 1.7 மடங்கு காற்று போகிறது. எரியும்போது அழுத்தமும் அதற்கேற்பக் கூடுகிறது. டர்போவுக்காக எஞ்சினைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் ரிங்கின் வெட்டைச் சற்று அகலமாக வைப்பார்கள். கூடுதல் சூட்டில் ரிங்கின் முனைகள் முட்டி உடையக் கூடாது என்பதற்கான சரியான ஏற்பாடு அது. ஆனால் அதுவும் கசிவைக் கொஞ்சம் கூட்டும். போதாததற்கு டர்போவும் தன் பங்குக்கு வாயு அனுப்புகிறது. அதன் நடுப்பகுதிக்குள் எக்ஸாஸ்ட் வாயுவும் பூஸ்ட் காற்றும் சிறிதளவு கசிந்து, திரும்பும் ஆயிலோடு சேர்ந்து, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்புக்குள் இறங்கும்.

இங்கே புதியவர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. அது கண்ணில் படாமல் நடப்பதால் தனியாகச் சொல்கிறேன். பழைய பிரீதர் ஹோஸ் த்ராட்டிலுக்குச் சற்று முன்னால் உள்ள குழாயில் ஒரு முனையில் மாட்டியிருக்கும். டர்போ பொருத்திய பிறகும் அந்தக் குழாய் அதே இடத்தில் இருக்கிறது, முனையும் இருக்கிறது, ஹோஸும் சரியாகப் பொருந்துகிறது. அப்படியே மாட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த இடம் இப்போது டர்போவுக்குப் பின்னால் வந்துவிட்டது. அங்கே பூஸ்ட் இருக்கிறது. கிராங்க்கேஸின் ஒரே வெளிவாசலில் கம்ப்ரஸரையே பொருத்தி உள்ளே ஊதச் செய்தது போல ஆகிவிடும். பிரீதர் சேர வேண்டிய இடம் ஏர் ஃபில்டருக்கும் டர்போவின் காற்று வாய்க்கும் நடுவில். பூஸ்டின்போது அங்கே லேசான உறிஞ்சல் இருக்கும். வாயுவை அது தானாகவே இழுத்துக்கொள்ளும்.

வடிகுழாய்

டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. பேரிங்கைத் தாங்கி நிற்பது ஆயிலின் மெல்லிய படலம்தான். அந்த ஆயில் எஞ்சினின் பம்ப் அழுத்தத்தில், பென்சிலைவிடச் சிறிய துளையுள்ள குழாயில் வருகிறது. பேரிங்கைத் தாண்டியதும் அழுத்தமெல்லாம் தீர்ந்துவிடும். வெளியே வருவது, அத்தனை வேகத்தில் கடையப்பட்டு, வாயுவும் கலந்து, மோர் போல நுரைத்த ஆயில். அதைக் கீழே கொண்டுபோக எந்த பம்ப்பும் இல்லை. தன் எடையால் தானே வடிய வேண்டும். வரும் வழி மெல்லியதாகவும் போகும் வழி பெருத்தும் இருப்பது இதனால்தான். பந்தய வண்டிகளின் ஹோஸ் எண்களில் சொன்னால், 4ஆம் எண்ணில் உள்ளே வருவது 10ஆம் எண்ணில் வெளியே போகிறது. அதாவது சுமார் 14 மில்லிமீட்டர் துளை.

டர்போவின் ‘சீல்’ என்று சொல்லப்படுவது ரப்பர் சீல் அல்ல. ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் பிஸ்டன் ரிங் போன்ற சின்னஞ்சிறு உலோக வளையங்கள் இருக்கின்றன. தேங்கி நிற்கும் ஆயிலைத் தடுக்கும் ஆற்றல் அவற்றுக்குக் கிடையாது. ஷாஃப்ட் ஆயிலை வீசியடிக்கிறது, வீசப்பட்டது உடனே கீழே வடிந்துவிடுகிறது, வெளிப்பக்கத்து அழுத்தமும் உள்ளே தள்ளுகிறது. இந்த மூன்றும் இருக்கும்வரை வளையம் தன் வேலையைச் செய்யும். வடிவது தடைபட்டு, நடுப்பகுதியில் ஆயில் ஷாஃப்ட் மட்டத்துக்கு ஏறிவிட்டால், அது வளையத்தைத் தாண்டிப் போகத்தான் செய்யும். ஐடிலில் காற்றுப் பக்கத்தில் எதிர் அழுத்தம் இல்லாததால் இன்னும் எளிதாகப் போகும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது முதல் மிதியில் நீலப் புகை ஒரு கொத்தாக வந்தால், டர்போவைக் கழற்றும் முன் வடிகுழாயைப் பாருங்கள்.

ஆயிலைக் கீழே தள்ளும் அழுத்தம் எவ்வளவு சிறியது என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். டர்போவிலிருந்து சம்ப் வரை வடிகுழாயின் உயரம் 20 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஆயிலின் அடர்த்தி தண்ணீரில் சுமார் 0.85 பங்கு. அந்தக் குழாய் முழுக்க ஆயில் நிரம்பி நின்றாலும், அது கீழ்நோக்கித் தரும் அழுத்தம் 17 சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். சுமார் 17 மில்லிபார். சைக்கிள் டயரில் உள்ள அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. கிராங்க்கேஸில் அதற்கு மேல் அழுத்தம் ஏறி, குழாயின் அடிவாயில் ஆயிலும் தேங்கியிருந்தால், அந்தத் தூண் இறங்காமல் அப்படியே நிற்கும். இது நுரை இல்லாத ஆயிலுக்கான கணக்கு. நுரை பாதிக்குப் பாதி இருந்தால் 8 மில்லிபாரே போதும். மேனிஃபோல்டில் 700 மில்லிபார் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் 8 மில்லிபாருக்குத் தாங்காத ஓர் ஏற்பாட்டை நம்பியிருக்கிறோம். பிரீதரையும் வடிகுழாயையும் ஒரே வேலையாக எண்ணிச் செய்ய வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

குழாயின் வழியைப் பற்றி. டர்போவின் ஆயில் வெளிவாய் நேராகக் கீழே பார்க்க வேண்டும். சாய்வு தவிர்க்க முடியாதது என்றால், செங்குத்திலிருந்து 35 டிகிரிக்குள் இருக்கட்டும். நடுவில் ஓரிடத்திலும் குழாய் தொய்ந்து மறுபடி ஏறக் கூடாது. இதை நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இரண்டாவது டர்போவும் புகைகிறது என்று கொண்டுவரப்பட்ட ஒரு வண்டியில், வடிகுழாய் மேலிருந்து பார்க்க அழகாக இறங்கியது. அடியில் படுத்து டார்ச் அடித்தபோதுதான், எஞ்சின் மவுன்ட்டைச் சுற்றிப் போகும் இடத்தில் இரண்டு விரல் அளவுக்குத் தொய்ந்திருப்பது தெரிந்தது. கழற்றினோம், அந்தத் தொய்வில் ஆயில் குளமாகக் கட்டியிருந்தது. அங்கே கட்டிய ஆயில் குழாயை மூடிவிடுகிறது, மேலிருந்து வரும் நுரை அதன் மேல் ஏறி நிற்கிறது. குழாயை நான்கு விரல் வெட்டிச் சிறிதாக்கியதும் புகை நின்றுவிட்டது.

சம்ப்பில் சேரும் இடம், எஞ்சின் ஓடும்போது இருக்கும் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மட்டத்துக்குக் கீழே சேர்த்தால், குழாயின் அடிவாய் எப்போதும் மூழ்கியே கிடக்கும். மேலே சொன்ன தூண் கணக்கு அப்போது நிஜமாகிவிடும். கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை வாரியடிக்கும் இடத்துக்கு நேர் எதிரேயும் வேண்டாம். சம்ப்பில் துளையிட்டு முனையை வெல்டிங் செய்வதற்குச் சம்ப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும். துளையிடும் பிட்டில் கிரீஸ் தடவினால் இரும்புத்தூள் உள்ளே விழாது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கேஸ்கெட் போடும் இடத்தில் குழம்பு சீலன்ட்டும் வேண்டாம். இறுக்கும்போது அது உள்பக்கம் பிதுங்கி, துளையைக் கால்வாசி மூடிக்கொண்டு இறுகிவிடும். வெளியே இருந்து எதுவும் தெரியாது. வெறும் காகித கேஸ்கெட் அல்லது உலோக கேஸ்கெட் போதும்.

டர்போவே சம்ப்பின் ஆயில் மட்டத்துக்குக் கீழே அமைந்துவிட்டால் எடையை நம்ப முடியாது. ஆயிலை இழுத்துத் தள்ளத் தனி பம்ப் வேண்டும்.

புகையைப் பார்த்ததும் சிலர் டர்போவுக்குப் போகும் ஆயிலைக் குறைத்துவிடுகிறார்கள். பால் பேரிங் டர்போக்களுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலான துளையுள்ள தடுப்பு தேவைப்படுவது உண்மை. ஆனால் சாதாரண புஷ் பேரிங் டர்போக்களுக்கு ஆயில் தாராளமாக வேண்டும். எஞ்சினின் ஆயில் அழுத்தம் மிக அதிகமாக இருந்தாலொழியத் தடுப்பு தேவையில்லை. வடியாத ஆயிலுக்கு வைத்தியமாக வரும் ஆயிலை நெரித்தால், புகை நிற்கலாம். பேரிங் வறண்டு போகும்.

வாயுவுக்கு வழி

எஞ்சினின் தலைப்பகுதிக்குப் போன ஆயிலும் துளைகள் வழியாகத்தான் சம்ப்புக்குத் திரும்புகிறது. பிரீதர் வால்வு கவரில் மட்டும் இருந்தால், அதே துளைகள் வழியாகவே வாயு மேலே ஏற வேண்டும். இறங்கும் ஆயிலும் ஏறும் வாயுவும் ஒரே படிக்கட்டில் எதிரெதிரே வருகின்றன. வாயுவின் வேகம் கூடினால் ஆயில் மேலேயே தங்கிவிடும். பிரீதர் ஹோஸ் அதை அள்ளிக்கொண்டு போகும். ஆகவே வாய்ப்பிருந்தால் பிளாக்கின் கீழ்ப்பகுதியிலிருந்தும் ஒரு பிரீதர் எடுப்பது நல்லது. வால்வு கவரின் முனையும் ஹோஸும் பழைய எஞ்சினின் அளவில் இருந்தால் அவற்றைப் பெரிதாக்குங்கள். முனைக்குக் கீழே, கவரின் உள்பக்கம், தெறிக்கும் ஆயிலைத் தடுக்கும் தகடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிறகு கேட்ச் கேன். வாயுவோடு வரும் ஆயில் துளிகளைப் பிரித்துத் தங்கவைப்பதுதான் அதன் வேலை. அழுத்தத்தைக் குறைப்பது அதன் வேலை அல்ல. சின்ன முனைகள் உள்ள கேனை மாட்டினால் அழுத்தம் கூடத்தான் செய்யும். உள்ளே தடுப்புத் தகடோ கம்பி வலையோ இல்லாத வெற்று டப்பா ஆயிலைப் பெரிதாகப் பிரிக்காது. அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். குளிர் நாட்களில் நீராவியும் ஆயிலும் கலந்து வெண்ணெய் போன்ற மஞ்சள் குழம்பு கேனில் சேரும். அடிக்கடி திறந்து காலி செய்ய வேண்டும்.

கேனிலிருந்து வரும் வாயுவை டர்போவின் காற்று வாய்க்கே திருப்பிவிடுவதுதான் நல்லது. திறந்தவெளியில் விட்டால் நாற்றமும் மாசும். பல நாடுகளில் சாலை வண்டிகளுக்கு அது சட்டப்படியும் தடை. ‘ஆயில் ஆவி இன்டேக்கில் போகலாமா?’ என்று கேட்பீர்கள். கேன் நன்றாகப் பிரித்தால் போவது மிகக் குறைவு. பிரிக்காவிட்டால் இன்டர்கூலரின் உள்சுவரில் ஆயில் படியும். பெட்ரோலின் ஆக்டேன் தரத்தை அது கெடுத்து, எஞ்சின் தட்டத் தொடங்கும். டீசல் எஞ்சின்களில் பெரும்பாலும் த்ராட்டில் உறிஞ்சல் இல்லாததால் முதல் பாதை என்ற பேச்சே இல்லை. பிரீதர் நேராக டர்போவின் வாய்க்குத்தான் போகும்.

ஹோஸ் வாங்கும்போது ஒரு கவனம். பளபளப்பான சாதாரண சிலிக்கோன் ஹோஸ் ஆயில் ஆவிக்கு ஏற்றதல்ல. சில மாதங்களில் வெளிப்புறம் ஆயில் வியர்க்கும், ஊதிப்போகும். ஆயிலைத் தாங்கும் ரப்பர் வேண்டும்; உறிஞ்சலில் சப்பிப்போகாத அளவுக்குக் கெட்டியாகவும் இருக்க வேண்டும்.

அளந்து பாருங்கள்

கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. தெளிவான பிளாஸ்டிக் குழாயை ‘ப’ எழுத்தைப் போல வளைத்து, ஒரு பலகையில் கட்டி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். பழைய ஆயில் மூடி ஒன்றில் துளையிட்டு ஒரு முனையைப் பொருத்தி, குழாயின் ஒரு பக்கத்தை அதில் இணையுங்கள். மறுபக்கம் திறந்திருக்கட்டும். இரு பக்கத் தண்ணீர் மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம் 10 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 1 மில்லிபார். தண்ணீர் எஞ்சினுக்குள் இழுபடாமல் இருக்க, இணைப்புக் குழாயை ஒரு முறை உயரே தூக்கி வளைத்துக் கொண்டுபோங்கள். பூஸ்டில் அளக்கும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஓட்டுகிறவர் பார்க்கக் கூடாது.

ஐடிலில் தண்ணீர் எஞ்சின் பக்கம் லேசாக ஏறினால் முதல் பாதை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். பூஸ்டில் மட்டம் ஏறக்குறைய சமமாகவே நிற்க வேண்டும். மாறாக வெளிப்பக்கம் 10, 15 சென்டிமீட்டர் என்று ஏறிக்கொண்டே போனால், மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி இரு முனைகளையும் அடைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அழுத்தம் விழுந்துவிட்டால் ஒருவழி வால்வு கசிகிறது. விழவில்லை என்றால் பிரீதர் ஹோஸை டர்போ பக்கத்திலிருந்து கழற்றித் திறந்துவிட்டுப் பாருங்கள். இப்போது குறைந்தால் அதற்கு அப்பால் உள்ள கேனிலோ இணைப்பிலோ இறுக்கம் இருக்கிறது. எல்லாம் திறந்திருந்தும் ஏறுகிறது என்றால் வால்வு கவரின் முனை சிறியது, அல்லது ரிங்குகள் தேய்ந்துவிட்டன. அடுத்து செய்ய வேண்டியது, சிலிண்டர் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை.

அழுத்தம் சரியாக இருந்தும் புகை வந்தால், வடிகுழாயின் கீழ் முனையைச் சம்ப்பிலிருந்து கழற்றி, அந்தத் துளையை அடைத்துவிட்டு, குழாயை ஒரு டப்பாவுக்குள் விடுங்கள். ஆயில் மட்டத்தில் ஒரு கண் வைத்தபடி, ஐடிலில் ஒரு நிமிடத்துக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும். நுரைத்த ஆயில் தடையின்றி, விரல் தடிமனில் விழுந்து, டர்போவிலிருந்து காற்றுக்குழாய்க்கு ஆயில் கசிவதும் நின்றால், கோளாறு சம்ப்பில் சேரும் இடத்தில் இருக்கிறது. சொட்டுச் சொட்டாக விழுந்து, கசிவு தொடர்ந்தால், எஞ்சினை நிறுத்தி, ஆறியதும் குழாயைக் கழற்றி, அதன் உள்ளேயும் டர்போவின் வெளிவாயிலும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பிதுங்கி இறுகிய சீலன்ட்டோ, சூட்டில் உரிந்து தொங்கும் ரப்பரோ அங்கே கைக்குத் தட்டுப்படும்.